காயவும் வேண்டும், நனையவும் வேண்டும்

2022 அக்டோபர் 29, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தூம்பிலிருந்து பால் கொட்டியது. சீர்காழிக்குப் பக்கத்தில் வீடு. வடகிழக்குப் பருவமழை அன்றுதான் தொடங்கியிருந்தது. முற்றத்தில் நின்று பார்த்த அம்மா, "என்னடா இது, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வருது" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் மாலையில்தான் மாடிக்கு நீர்க்காப்புப் பூச்சின் இரண்டாவது கோட் அடித்து முடித்திருந்தோம். தூம்பில் போய்க்கொண்டிருந்தது அந்தப் பூச்சு.

அவசரப்படுத்தியவன் நான். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன், திங்கட்கிழமை பெங்களூர் திரும்ப வேண்டும். மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 1988-ல் அப்பா வங்கிக் கடனில் கட்டிய வீடு அது. மூலை அறையின் கூரையில் இரண்டு வருஷமாக ஓதம் தெரிந்தது. "தை வரைக்கும் பொறு" என்று அப்பா சொன்னார். இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். பொறுப்பது என் தொழிலில் பழக்கமில்லாத விஷயம்.

பூச்சு அடிக்க வந்தவர் ஒரு பை சாம்பல் நிறப் பொடியும் ஒரு கேன் வெள்ளைத் திரவமும் கொண்டுவந்தார். இரண்டையும் வாளியில் கொட்டி, துளைபோடும் மிஷினில் துடுப்பை மாட்டிக் கலக்கினார். பொடி என்பது சிமெண்டும் நைஸான மணலும். திரவம் என்பது தண்ணீரில் மிதக்கும் பாலிமர். அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சிமெண்ட்டுங்கிறீங்க, எத்தனை நாள் தண்ணி விடணும்?"

"தண்ணியே காட்டக் கூடாது சார். காயணும்."

"சிமெண்ட்டுக்குத் தண்ணி விடாம எப்படிங்க?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். ஏனென்றால் அப்பா கேட்டது சரியான கேள்வி. அதற்கு வந்த பதிலும் பாதி சரி. மீதிப் பாதியைத் தேடிப் போனபோது, அந்தக் கேள்விக்குப் பின்னால் முந்நூறு வருஷத்துக்கும் குறையாத ஒரு சரித்திரம் இருப்பது தெரியவந்தது.

*

அந்தச் சரித்திரத்தின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது. 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், மெட்ராஸில் மிகச் சிறந்த சாந்து எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சொல்லும் ஒரு குறிப்பு வெளியானது. அனுப்பியவர் ஐசக் பைக். செயின்ட் ஹெலீனா தீவின் கவர்னர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் நின்று தண்ணீர் பிடிக்கும் தீவு அது.

அந்தக் குறிப்பு ஏறக்குறைய ஒரு சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். சுண்ணாம்பையும் மணலையும் சலித்துக் கலந்து ஊற வைக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து அடிக்க வேண்டும். பயற்றை வேகவைத்துக் கூழாக்கிச் சேர்க்க வேண்டும். கடுக்காயைக் காய்ச்சிய தண்ணீரை ஊற்ற வேண்டும். மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று பட்டியல் போகிறது. பளிங்கு போல மின்னும் 'மெட்ராஸ் சுனம்' என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இந்தச் சுண்ணாம்புப் பூச்சைத்தான்.

இன்றைய மொழியில் சொன்னால், கனிமப் பசையோடு கரிமப் பாலிமரைக் கலப்பது. தயிரில் இருக்கும் கேசீன் ஒரு புரதம். புரதம் என்பதே இயற்கை செய்த பாலிமர். கேசீனும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத பசை உருவாகும். மரவேலைக்காரர்கள் வெகுகாலம் பயன்படுத்திய பசை அது. வெல்லம் போட்டால் சுண்ணாம்பு தண்ணீரில் அதிகமாகக் கரையும், சாந்து இறுகுவது தாமதப்படும், அடிப்பதற்கு நேரம் கிடைக்கும்.

இந்தச் சாந்துக்கும் அப்பாவின் கேள்வி உண்டு. நீற்றிய சுண்ணாம்பு இறுகுவது காற்றால். காற்றிலிருக்கும் கரியமில வாயு அதற்குள் போய் அதை மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாற்ற வேண்டும். சாந்தின் நுண்துளைகள் முழுக்கத் தண்ணீரால் நிரம்பியிருந்தால் வாயு உள்ளே போக முடியாது. ஒரேயடியாகக் காய்ந்துபோனாலும் வேலை நடக்காது, அந்த வாயு கரைவதற்குக் கொஞ்சமாவது ஈரம் வேண்டும். ஆகவே ஈரமும் இருக்க வேண்டும், காற்றும் புக வேண்டும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளைப் போட்டவர்கள் இதை உடம்பால் தெரிந்துவைத்திருந்தார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்களைச் சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போடுவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அதை நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க உள்ளேயிருக்கும் ஈரம் மேலே வரும், வெடிப்புகள் மூடும். வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கட்டை துள்ளித் தெறிக்கும் பதம் வந்த பிறகுதான் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் தூளான சுருக்கி சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும் குணம் வந்துவிடும் என்பது அவர்களுக்கு ரசாயனம் சொல்லித் தெரிந்ததில்லை.

எங்கள் ஊரில் எண்பதைத் தாண்டிய ஒரு கொத்தனார் இருக்கிறார். சின்ன வயதில் தளம் அடிக்கும் இடத்தில் தண்ணீர் சுமந்தவர். பின்னாளில் அவரிடம் கேட்டேன், எத்தனை நாள் அடிப்பீர்கள் என்று.

"நாளுக் கணக்கு எல்லாம் யாரு தம்பி வச்சா? அது போதும்னு சொல்ற வரைக்கும் அடிப்போம்."

*

அந்த 'போதும்' என்பதை நாள்கணக்காக மாற்றியது சிமெண்ட். 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதல் முயற்சி 1904-ல் சென்னையிலேயே நடந்து சரிவராமல் போனது. 1914-ல் போர்பந்தரில்தான் ஆலை நிலைத்தது. அடுத்த ஐம்பது வருஷத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சிமெண்ட் சுண்ணாம்புக்கு நேர் எதிர். அது காற்றைக் கேட்பதில்லை, தண்ணீரைத்தான் கேட்கிறது. சிமெண்ட் 'காய்ந்து' இறுகுகிறது என்று நாம் பேச்சில் சொல்வது தவறு. அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஆனால் கலக்கும்போது தண்ணீர் அதிகமானால் வலிமை குறையும் என்று 1918-ல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் காட்டினார். அதாவது கலக்கும்போது சிக்கனம், போட்ட பிறகு தாராளம். இந்த இரண்டாவது பாதியைத்தான் நம் ஊரில் 'தண்ணி விடறது' என்கிறோம், இன்ஜினியர்கள் 'க்யூரிங்' என்கிறார்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூண்களுக்குச் சாக்கு சுற்றி நனைப்பதும் அதற்குத்தான்.

இதற்கு அளவுகோல் கொடுத்தவர் டி.சி. பவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். நூறு கிராம் சிமெண்ட் முழுமையாக வினைபுரிய ஏறக்குறைய 23 கிராம் தண்ணீரைத் தன்னோடு கட்டிக்கொள்ளும், இன்னும் 19 கிராம் அதன் நுண்துளைகளில் சிறைப்பட்டிருக்கும். இது அவர் கணக்கு. 1947-ல் அவர் இன்னொன்றையும் சொன்னார். சாந்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிமெண்டின் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். தண்ணீர் அங்கே இருக்கும், ஆனால் எடுத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும்.

1988-ல் எங்கள் வீட்டுத் தளம் போட்டபோது அப்பா பதினான்கு நாள் லீவு போட்டுத் தண்ணீர் விட்டார். அந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் தன் வாழ்க்கையிலேயே நிம்மதியான லீவு என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சிமெண்ட் என்றால் தண்ணீர் என்பது அவருக்கு அனுபவத்தில் இருந்து வந்த அறிவு. பவர்ஸின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

*

அப்படியென்றால் "தண்ணியே காட்டக் கூடாது" என்பது எங்கிருந்து வந்தது? கேனில் இருந்த அந்தப் பாலிலிருந்து. அதன் பூர்வீகம் உண்மையிலேயே பால்தான்.

1923-ல் க்ரெஸ்ஸன் என்பவர் பிரிட்டனில் ஒரு காப்புரிமை பெற்றார். சாலைத் தளத்துக்கு ரப்பர் பால் கலந்த கலவை. அதில் சிமெண்ட் வெறும் நிரப்புப் பொருள்தான். அடுத்த வருஷம், 1924-ல், லெஃபெபூர் என்பவர் வாங்கிய காப்புரிமைதான் முக்கியமானது. சிமெண்ட் சாந்தையே மேம்படுத்துவதற்காக இத்தனை பங்கு ரப்பர் பால் என்று அளவு வைத்துக் கலக்கும் யோசனை அதில்தான் முதலில் வந்தது என்று துறையில் சொல்கிறார்கள்.

அந்த வருஷங்களில் உலகத்து ரப்பரின் பெரும்பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது, அதில் மலாயா முதலிடம். மலாயாவில் வெள்ளைக்காரர் தோட்டங்களில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. விடிவதற்கு முன்னாலேயே தோட்டத்தில் இறங்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் காயம் அடைத்துக்கொள்ளும். எடுத்த பால் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள், ஷீட் போடுவதற்கு உறைய வைக்க அமிலம் சேர்ப்பார்கள். ரப்பர் பாலின் ஒவ்வொரு கட்டமும் நேரத்தைப் பிடித்துத்தான் நடந்தது.

அந்தப் பாலை சிமெண்டில் ஊற்றினால் ஒரு தொல்லை. சிமெண்டிலிருந்து கரையும் கால்சியம், பாலில் மிதக்கும் ரப்பர் துளிகளைத் திரிய வைத்துவிடும். வாளியிலேயே கட்டி கட்டியாகிவிடும். திரியாமல் காப்பதற்கு அந்தக் காலத்தில் சேர்த்த பொருட்களில் ஒன்று கேசீன். மெட்ராஸ் சாந்தில் தயிராகப் போன அதே பொருள் இருநூறு வருஷம் கழித்து வேறு வேலைக்கு வந்து சேர்ந்தது.

1932-ல் பாண்ட் என்பவர் செயற்கை ரப்பர் பாலுக்கும், 1939-ல் ராட்வெல் என்பவர் செயற்கைப் பிசின்களுக்கும் காப்புரிமை வாங்கினார்கள். அதுவரை இது காகிதத்தில் ஓடிய வண்டிதான். தெருவுக்கு இழுத்துவந்தது போர். 1942 பிப்ரவரிக்குள் ஜப்பான் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. ஸ்டைரீன், பியூட்டடையீன் இரண்டையும் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அரசாங்கமே முன்னின்று கட்டியது. அந்த முறையில் ரப்பர் முதலில் பாலாகத்தான் கிடைக்கும். போர் முடிந்ததும் அந்தப் பாலுக்கு வேறு வேலை தேடினார்கள். பெயிண்டுக்குப் போனது, காகிதப் பூச்சுக்குப் போனது, சிமெண்டுக்கும் வந்தது. இன்று ஹார்டுவேர் கடையில் 'எஸ்.பி.ஆர். லேடக்ஸ்' என்று கேட்டால் தருகிற கேன் அதன் வாரிசு.

*

இந்தப் பாலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சண்டையின் காரணம் புரியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அளவில் பாலிமர் உருண்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒன்றையொன்று தொடாமல் மிதப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் வெளியேற வெளியேற உருண்டைகள் நெருங்கும், முட்டும், நசுங்கும், கடைசியில் ஒன்றோடொன்று கலந்து கண்ணாடி போன்ற ஒரே தோலாகும். தோலான பிறகு மறுபடியும் பாலாகாது. தோலாவதற்கு முன் மழை பெய்தால், நெருங்கிக்கொண்டிருந்தவை மறுபடியும் தனித்தனியாகி ஓடிவிடும். எங்கள் தூம்பில் கொட்டியது அதுதான்.

ஆக, ஒரு வாளிக்குள் இரண்டு பேர். சிமெண்டுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். பாலிமருக்குத் தண்ணீர் போக வேண்டும். ஒரே வளத்துக்கு இரண்டு நிரல்கள் எதிரெதிராகக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குக் கல்லூரி முடித்த முதல் வருஷமே தெரிந்துவிடும். யார் முதலில், யார் பிறகு என்று வரிசை வைத்தால்தான் தப்பிக்கலாம்.

வரிசை வைத்தவர்களும் இருந்தார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாலத் தளங்களுக்கு லேடக்ஸ் கலந்த சாந்தைப் பூச ஆரம்பித்தார்கள். பனி உருகத் தூவும் உப்பு கம்பியை அரிப்பதைத் தடுப்பதற்காக. சிமெண்டின் எடையில் 15 சதவீதம் அளவுக்கு பாலிமர். அதற்கு அங்கே நிலைத்த முறை: பூசியதும் ஈரச் சாக்கு போர்த்தி ஒன்றிரண்டு நாள், பிறகு சாக்கை எடுத்துவிட்டுக் காய விடுவது. வெயிலும் காற்றும் அடிக்கும் பருவத்தில் ராத்திரியில் பூசுவது. முதலில் சிமெண்டின் முறை, பிறகு பாலிமரின் முறை. வெகுநாள் நனைக்கவும் தேவையில்லை, ஏனென்றால் உருவாகிற தோலே உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற விடாமல் காக்கும்.

இதை எண்களாகத் தொகுத்ததில் ஜப்பானியர்களுக்குப் பெரிய பங்கு. நிஹோன் பல்கலைக்கழகத்தின் யோஷிஹிகோ ஓஹாமா தன் ஆய்வு வாழ்க்கையையே பாலிமர் கலந்த சாந்துக்குக் கொடுத்தவர். சிமெண்ட் இறுகுவதும் பாலிமர் தோலாவதும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஒரே வலையாவதைப் படிப்படியாக விளக்கியவர் அவர். ஜப்பானியச் சோதனை முறையில் இந்தச் சாந்தை இரண்டு நாள் ஈரக்காற்றில், ஐந்து நாள் தண்ணீரில், அதன்பின் 21 நாள் உலர்ந்த காற்றில் வைப்பார்கள். மொத்தம் 28 நாள். வெறும் சிமெண்ட் சாந்தை 28 நாளும் நனைத்தால் நல்லது. இதை அப்படி நனைத்தால் வலிமை குறைந்துவிடும்.

பாலிமர் எவ்வளவு என்பதைப் பொறுத்து வரிசையும் மாறும். பாலத் தளத்துச் சாந்தில் சிமெண்டுதான் எஜமான். எங்கள் மாடிக்குப் பூசியது போன்ற, வளைந்துகொடுக்கும் மெல்லிய பூச்சில் பாலிமரின் பங்கு மிக அதிகம். அங்கே காய்வதுதான் பிரதானம், நனைப்பது பேருக்கு. இதனால்தான் பூச்சுக்காரர் சொன்னது பாதி சரி. ஆனால் காய்வது என்றால் எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில்?

அந்த வெள்ளைத் திரவத்தின் விவரத்தாளை அன்று ராத்திரி மழைச் சத்தத்தில் போனில் படித்தேன். இத்தனை மணி நேரத்தில் காயும், இத்தனை நாளில் தண்ணீர் நிறுத்தலாம் என்று எல்லாம் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: மேற்கண்டவை 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் பெறப்பட்டவை. ஐரோப்பியச் சோதனைக்கூடங்களின் வழக்கமான நிலை அது. ஐப்பசியில் சீர்காழி மாடியில் ஈரப்பதம் 90-க்கு மேல் நிற்கும். தண்ணீர் போக இடமே இல்லாத காற்று அது. விவரத்தாள் பொய் சொல்லவில்லை. அது வேறொரு ஊரைப் பற்றிச் சொன்னது.

பதின்மூன்றாம் நாள், நவம்பர் 11-ல், சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மூலை அறையில் ஆறு பாத்திரம் வைத்தோம் என்று அம்மா போனில் சொன்னாள்.

*

அதோடு பாடம் கற்றிருக்க வேண்டும். நான் கற்றது, ஈரமான காலத்தில் பூசியதுதான் தப்பு என்று. ஆகவே 2023 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், வேறு ஒரு ஆளை வைத்து மறுபடியும் பூசச் சொன்னேன். இந்த முறை நான் ஊருக்கே போகவில்லை. வீடியோ காலில் பார்த்தேன். காலை பதினொரு மணி. செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத தளம். அடித்த பூச்சு கண்ணெதிரே நிறம் மாறியது.

"பத்து நிமிஷத்துல காய்ஞ்சிடுச்சு சார், சூப்பரா பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

அது பிடிக்கவில்லை. 50 டிகிரியைத் தாண்டிய தளம் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, வெயில் மேலிருந்து இழுத்துக்கொண்டது. மேலே அவசரத் தோல் ஒன்று மூடியது. அடியில் சிமெண்ட் தாகத்தோடு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வாரத்தில் வயலில் சேறு காய்ந்தது போல நுண்ணிய வெடிப்புகள். நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது என்று அப்பா சொன்னார். சாயங்காலங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கட்டுமா என்று அவர் கேட்டிருந்தார். வேண்டாம், விவரத்தாளில் அப்படி இல்லை என்று நான் சொல்லியிருந்தேன்.

அந்த ஐப்பசியில் மறுபடியும் ஒழுகியது. கார்த்திகையில் ஒருநாள் விடிகாலை, மூலை அறையில் கூரைச் சாந்து தட்டு அளவுக்குப் பெயர்ந்து அப்பாவின் கட்டிலில், தலையணைக்கு நேராக விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கித் தள்ளியிருக்கிறது. அப்பா அப்போது கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷ வித்தியாசம். அம்மாதான் போன் செய்தாள். அப்பா பேச வரவில்லை. அன்றிலிருந்து அவர் ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததெல்லாம் அந்தப் போனுக்குப் பிறகு படித்தவை. முன்னால் படித்திருக்கலாம். படிக்காமலே இருந்தாலும், வீட்டிலிருந்த ஒரு மனிதரின் சொல்லைக் கேட்டிருந்தால் போதும். தை வரைக்கும் பொறு என்று அவர் சொன்னது நாள் பார்த்துச் சொன்னதில்லை. ஈரமும் வெயிலும் அளவாக இருக்கும் காலம் அது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். விவரத்தாளின் 23 டிகிரிக்கும் 50 சதவீதத்துக்கும் எங்கள் ஊரில் ஓரளவு பக்கத்தில் வருவது அந்த இரண்டு மாதம்தான்.

*

2024-ல் தையும் நம்பும்படி இல்லை. ஜனவரி இரண்டாவது வாரத்தில் காலம் தப்பி மழை கொட்டியது. மாசி வரை காத்திருந்தோம். பத்து நாள் லீவும் அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலையும் என்று ஏற்பாடு செய்துகொண்டு போனேன். பெரிய கொத்தனாரை ஆட்டோவில் அழைத்துவந்து மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பாலிமர் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. நான் விளக்கியதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தண்ணி குடிக்கணும், ஆனா குடிச்சுகிட்டே இருக்கக் கூடாது. அவ்வளவுதானே தம்பி? சுண்ணாம்பும் அப்படித்தான்."

பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தோம். பெயர்ந்த இடத்தில் கம்பியின் துருவைத் தேய்த்து, உள்பக்கம் சரிசெய்தோம். வாட்டம் சரியில்லாத இடங்களைத் திருத்தினோம். பூசுவதற்கு முந்தின சாயங்காலம் தளம் முழுக்க நனைத்தோம். காலையில் தண்ணீர் தேங்காமல், ஆனால் கான்கிரீட் உள்ளே குளிர்ந்து இருக்கும் நிலையில், வெயில் ஏறுவதற்குள் முதல் கோட். மறுநாள் காலை குறுக்குவாட்டில் இரண்டாவது கோட். இரண்டு நாளும் மாடிக்கு மேல் பச்சை வலையும் அம்மாவின் பழைய புடவைகளும் கட்டி நிழல் போட்டோம். ஓரங்களில் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம், பூச்சைத் தொடாமல். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு ஏழு நாள் காயவிட்டோம். அந்த ஏழு நாளும் அப்பா மாடிப் படியின் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காக்கைக்கு வைக்கும் சோறு அந்த வாரம் மதில் மேலே போனது.

எட்டாம் நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இரண்டு நாள். கூரையின் உள்பக்கம் ஓதம் இல்லை. திறந்துவிட்டபோது தூம்பில் வந்த தண்ணீரை அம்மா ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது.

பிறகு பூச்சுக்குப் பாதுகாப்பாக அதன் மேல் சிமெண்ட் சாந்து போட்டு ஓடு பதித்தோம். அது வெறும் சிமெண்ட் வேலை. தண்ணீர் விட வேண்டிய வேலை. அப்பா ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் மாடியேறினார். ஏழு நாள் போதும் என்றேன். பதினான்கு நாள் விட்டார். ஒரு வேளைகூட நான் குழாயைக் கேட்கவில்லை.

அந்த வருஷ ஐப்பசி போனது, கார்த்திகையும் போனது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மார்கழியில் ஊருக்குப் போனபோது மூலை அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கட்டில் பழைய இடத்திலேயே கிடந்தது, மெத்தை விரித்திருந்தது. அப்பா இன்னும் ஹாலில்தான் படுக்கிறார்.

"அதான் நின்னுடுச்சே, உள்ள படுக்க வேண்டியதுதானேப்பா?"

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"ஒரு மழைக்காலந்தானே ஆயிருக்கு. இன்னொண்ணும் பார்ப்போம்."